ஓடையில் வீழ்ந்த அரசன்

சென்ற மார்கழியில் ஒரு மாலை வேளை, எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு தலை நரைத்த ஒருவர் உள்ளே வந்தார். "சேர், என்னை மட்டுக்கட்ட முடியுதோ?" என்று கேட்டார். முடியவில்லை. பெயரைச் சொன்ன பின்னரே, 1970ஆம் ஆண்டில் எமது உயர்தர வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்த மெலிந்த பையன் நினைவுக்கு வந்தான். பல்லாண்டுகள் வெளிநாட்டிலே வாழ்ந்தவர். புடாபெஸ்ட் நகரத்துக்குச் சுற்றுலாப் போனவிடத்தில் வாங்கியதென்று ஓர் ஓவியத்தின் பிரதியை எம்மிடம் தந்தார். பெர்தலான் செக்கேய் என்னும் ஹங்கேரிய ஓவியர் 1860இல் தீட்டியது அது. உயிரற்ற ஓர் இளைஞனின் உடலைக் கண்டெடுத்துச் சிலர் துயரோடு சூழ்ந்திருக்கும் காட்சி.

"சேர், அண்டைக்கு நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் மறுமொழி சொல்லேல்லை" என்றார்.

எமக்கு நாணம் மேலிட்டது. அக்காலத்தில் நாம் புதிதாய் ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர்; பாடத்திட்டத்தை முடித்துவிடுவதே கண்ணாயிருந்தவர். மொஹாச் போர்க்களத்தைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அப்பையன் எழுந்து, "அந்த அரசன் ஓடையில் விழாமல் தப்பிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும், சேர்?" என்று வினவினான். "வரலாற்றிலே 'இருந்தால்' என்பதற்கு இடமில்லை, சோதனைத் தாளிலும் அது வராது" என்றோம். வகுப்பு சிரித்தது. பையன் அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்டதாக எமக்கு நினைவில்லை.

வாசகருள் மாணவரும் இருப்பராதலின் நடந்ததை முதலிற் கூறிவிடுவோம். ஹங்கேரிக்கும் பொஹீமியாவுக்கும் அரசனான இரண்டாம் லூயி 1506இற் பிறந்தவன். ஒன்பது வயதிலே அரியணை ஏறியவன். திறைசேரி வெறுமையாயிருந்தது, எல்லைக் கோட்டைகளைக் காத்த வீரருக்குச் சம்பளம் ஒழுங்காய்க் கிடைப்பதில்லை, பிரபுக்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து பூசலிட்டனர். 1521இல் ஒட்டோமன் சுல்தான் சுலைமான் பெல்கிரேட் கோட்டையைக் கைப்பற்றினான். ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் வந்தான். 1526ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29ஆம் நாள் பிற்பகலில், டான்யூப் நதியருகே மொஹாச் சமவெளியில் அரசன் அவனை எதிர்கொண்டான். அரசனிடம் ஏறத்தாழ 25,000 பேர். சுல்தானிடம் அதன் இருமடங்குக்குக் குறையாத படையும் பெருந்தொகைப் பீரங்கியும். திரான்சில்வேனியாவிலிருந்து ஜோன் ஸாப்போல்யா என்னும் பெரும்பிரபு கொணர்ந்த படை நேரத்துக்கு வந்து சேரவில்லை. குரோஷியப் படையில் ஒரு பகுதியும் அவ்வாறே. சேனையை நடத்திய தொமோரி ஓர் அதிமேற்றிராணியார். இரண்டு மணி நேரமளவில் யாவும் முடிந்தன. இரண்டு அதிமேற்றிராணியாரும் ஐந்து மேற்றிராணியாரும் அக்களத்தில் மாண்டனர் என்றால் ஏனையோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அரசன் தப்பி ஓடினான். மழையாற் பெருகியிருந்த செலே என்னும் சிற்றோடையின் கரையேறும்போது குதிரை பின்புறமாய்ச் சரிய, கனத்த கவசத்தோடு நீரில் வீழ்ந்து இறந்தான். வயது இருபது. பிள்ளையில்லை. ஏறக்குறைய இரு மாதங்களின் பின்னரே உடல் அடையாளங் காணப்பட்டது.

இனி, பையனின் கேள்விக்கு வருவோம். ஐம்பத்தைந்து ஆண்டு தாமதமாயினும் மறுமொழி கடன்தானே!

எமது மேசையில் அப்படத்தை வைத்துக்கொண்டு பல நாள் சிந்தித்ததிலே முதலில் எமக்குத் தெளிவானது இது: போரில் வென்ற சுல்தான் ஹங்கேரியிலே தங்கவில்லை. செப்டெம்பரில் தலைநகராகிய புடாவுக்குட் புகுந்து கொள்ளையிட்டான், எரித்தான், பின்னர் குளிர்காலத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். ஆகவே தோல்வியினால் மாத்திரம் நாடு பறிபோகவில்லை. எஞ்சியது அரசனில்லாத ஓர் அரியணை. ஹங்கேரியின் அரசர்கள் பிரபுக்களால் தெரிவுசெய்யப்படுபவர். நவம்பரில் ஒரு சாரார் ஸாப்போல்யாவுக்கு முடி சூட்டினர். டிசெம்பரில் மறுசாரார் ஒஸ்திரியாவின் பெர்டினாந்தைத் தெரிவுசெய்தனர். பெர்டினாந்து பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் தம்பி. இறந்த லூயியின் சகோதரியை மணந்தவன். அவன் சகோதரி மேரியே லூயியின் மனைவி. 1515இல் வியன்னாவிலே, லூயிக்கு ஒன்பது வயதாயிருக்கையில், பெரியோர் செய்த சம்பந்தங்கள் அவை. ஒரு குலம் அற்றுப்போயின் மற்றக்குலம் உரிமை கோரும் என்பதே அச்சம்பந்தத்தின் உட்பொருள். கலியாண வீட்டிலே காணி உறுதி எழுதுவது எங்கும் உள்ள வழக்கந்தான்.

ஒரு நாட்டுக்கு இரு மன்னர். 1527இல் தோற்றுப் பின்வாங்கிய ஸாப்போல்யா சுல்தானின் உதவியை நாடினான். 1529இல் அவன் சுலைமானைக் கண்டு கையை முத்தமிட்டுப் பணிந்த இடம் யாது? அதே மொஹாச் சமவெளி. தன் நாட்டவரின் எலும்புகள் கிடந்த மண்ணிலே நின்று பணிந்தபோது அவன் மனம் என்ன பாடுபட்டிருக்குமோ! அவ்வாண்டிலேயே சுல்தான் வியன்னாவை முற்றுகையிட்டான். 1540இல் ஸாப்போல்யா கைக்குழந்தை ஒன்றை விட்டு இறந்தான். அடுத்த ஆண்டு ஓகஸ்ற் 29இல், மொஹாச் போர் நடந்த அதே தேதியில், துருக்கியர் புடாவைக் கைக்கொண்டனர். நாடு மூன்று துண்டாயிற்று. புடா மீள்வதற்கு 1686 வரை, 145 ஆண்டுகள் சென்றன.

லூயி பிழைத்திருந்தால் இந்தப் பதினைந்தாண்டு உள்நாட்டுப் பூசலுக்கு வாய்ப்பில்லை என்பதே எமது மறுமொழியின் முதற்பாகம். இது வெறுங் கற்பனையன்று. ஹங்கேரியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1396இல் நிக்கோபொலிஸ் என்னுமிடத்தில் துருக்கியரிடம் படுதோல்வியடைந்தான் சிகிஸ்மண்ட் மன்னன். படகேறி டான்யூப் வழியே ஓடிக் கடல் சுற்றி நாடு திரும்பினான். பிரபுக்கள் அவனை மதித்தார்களா? இல்லை. 1401இற் சிறையிலே கூட அடைத்தனர். ஆயினும் அவன் மீண்டான். நாற்பத்தொரு ஆண்டு மேலும் ஆண்டான். 1427இல் பெல்கிரேட்டைத் தன்வசமாக்கித் தெற்கெல்லையைப் பலப்படுத்தினான். அந்தப் பெல்கிரேட்டே தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் துருக்கியரைத் தடுத்து நின்றது. ஓடிப் பிழைத்த ஒருவன் பெற்ற கோட்டை அது.

ஆனால் லூயி சிகிஸ்மண்ட் ஆகியிருப்பானா? இங்கேதான் எமது பேனா தயங்குகின்றது. உயிர் பிழைத்திருப்பினும் அவனது திறைசேரி நிரம்பியிராது. அதிமேற்றிராணியார் தொமோரி எழுந்து வந்திரார். சுல்தானின் பீரங்கிகள் குறைந்திரா. அவன் செய்திருக்கக் கூடியது, சுல்தானுக்குத் திறை கட்டிச் சமாதானம் வாங்குவதே. அது பெருமையன்று. எனினும் ஒரே மன்னன் கட்டும் திறைக்கும் இரு மன்னர் போட்டியிட்டுக் கட்டும் திறைக்கும் பேதமுண்டு. பொஹீமியாவும் அவ்வாண்டு பெர்டினாந்தின் கைக்குப் போயிராது. 1918 வரை மத்திய ஐரோப்பாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் குலத்தின் பேரரசு வேறோர் உருவில் அமைந்திருக்கலாம், அமையாமலே போயிருக்கலாம்.

ஒருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். விதவையான மேரிக்கும் அன்று இருபதே வயது. அவள் மறுமணம் செய்யவில்லை. பின்னர் 1531 முதல் 1555 வரை தமையன் சார்ள்ஸுக்காக நெதர்லாந்தை ஆண்டாள். திறமையான ஆட்சியென்று பெயர். கணவன் பிழைத்திருந்தால் ஹங்கேரிக்குக் கிடைத்திருக்கக்கூடிய மதியூகம் அது. பாடப்புத்தகங்கள் அவளை ஒரு வரியிலே கடந்துவிடுகின்றன. நாமும் வகுப்பிலே அப்படியே கடந்தோம்.

இவற்றையெல்லாம் ஏழு பக்கங்களில் எழுதித் தபாலில் அனுப்பினோம். மூன்று கிழமையின் பின் தொலைபேசியில் அழைத்தார் பழைய மாணவர். "வாசிச்சன் சேர். ஆனால் ஒண்டை விட்டிட்டியள். உயிரோடை இருந்திருந்தால் அவன் மச்சான் பெர்டினாந்திட்டைத்தானே முதலிலை ஓடியிருப்பான்? அதைக் கண்டு சுல்தான் சும்மா இருந்திருப்பானோ? 1529இல் வந்தவன் 1528இலேயே வந்திருப்பான்."

எமக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை. இம்முறை 'சோதனைக்கு வராது' என்றும் சொல்ல முடியாதன்றோ! எழுதுகிறோம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தோம். படம் புத்தக அலுமாரியின் கண்ணாடியிற் சாய்ந்தபடி நிற்கின்றது. எட்டாம் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.