நொய்யற்கரை உலைக்களம்

வெள்ளியங்கிரியில் தோன்றி, பேரூர்ப் பட்டீசுவரரைத் தொழுது கிழக்கே செல்லும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே அமைந்துள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர். சென்னிமலை முருகனைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள் இவ்வூரையும் கண்டு வரலாம்.

1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் சுடுமண் மூசைகளும் இங்கு வெளிப்பட்டன. இரும்பையும் கரியையும் மூசையிலிட்டு, வாயை மண்ணால் பூசி, துருத்தி ஊதி நெருப்பை வளர்த்தால், கரி இரும்பினுள் கலந்து எஃகாகும். ஆறிய பின் மூசையை உடைத்தே கட்டியை எடுத்தல் வேண்டும். உருக்கு நன்கு அமைந்ததா என்பது அதுவரை கொல்லனுக்கே தெரியாது! எத்துணைப் பொறுமை வேண்டிய தொழில்!

அவர்கள் நீர் மொண்ட ஆறு பிற்காலத்தில் சாயக்கழிவால் கறைபட்டது. நினைக்க நெஞ்சு நோகிறது. கரைமேட்டு நிலங்களிலோ பழைய இரும்புக் கசடு இன்னும் சிதறிக் கிடக்கிறது.