தெரியும் என்பதும் எழுதினேன் என்பதும்

பெங்களூருக்கு வந்து சேரும் தமிழர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடும் கன்னட வாக்கியம் ஒன்று உண்டு: 'நனகெ கன்னட பரல்ல'. ஆட்டோ ஓட்டுநரிடமும் மளிகைக் கடையிலும் அதைச் சொன்ன பிறகே உரையாடல் தொடங்கும். சொல்லுக்குச் சொல் தமிழிலும் அதுவே: 'எனக்குக் கன்னடம் வராது'. மொழி வருகிறது, அல்லது வராமல் நின்றுவிடுகிறது. மனிதரோ நான்காம் வேற்றுமையில் காத்திருக்கிறார். பசிப்பது, வலிப்பது, பிடிப்பது, புரிவது, தெரிவது எல்லாம் இவ்விரு மொழிகளிலும் இப்படியே மனிதருக்கு நேர்கின்றன. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என ஆள் மாறினாலும் வினை மாறுவதில்லை. எழுதுவது அப்படியன்று. 'எனக்கு எழுதுகிறது' என்று எவரும் சொல்வதில்லை. எழுதினேன், எழுதினாய், எழுதினார்கள் என்று வினைமுற்று ஒவ்வொரு முறையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இலக்கணத்திலிருந்து வாழ்க்கைக்குத் தாவுவதை மொழியியலாளர்கள் பொதுவாக விரும்புவதில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. ஆயினும் ஆய்வு மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் ஒரு நிலையை இந்த வேறுபாடு நன்றாகவே விளக்குகிறது. ஐந்தாண்டு படித்தவருக்குத் தம் துறை 'தெரியும்'. கருத்தரங்கில் தலையசைக்கத் தெரியும். யார் எதை எந்த ஆண்டில் சொன்னார் என்று தெரியும். அந்தத் தெரிதல் எவ்வளவு என்பது எழுத உட்காரும்வரை அவருக்கே தெரியாது.

யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசென்பிளிட்டும் ஃபிராங்க் கீலும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிய முறையில் சோதித்தது. ஜிப், தையல் இயந்திரம், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தமக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று பங்கேற்பாளர்கள் முதலில் மதிப்பெண் இட்டுக்கொண்டனர். பிறகு அவற்றின் இயக்கத்தைப் படிப்படியாக எழுதி விளக்கினர். எழுதியபின் மீண்டும் மதிப்பெண் இடச் சொன்னபோது, தமக்குத் தாமே இட்டிருந்த மதிப்பெண் இறங்கியது. முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் யேலின் பட்டமேற்படிப்பு மாணவர்கள் என்பதைக் கல்விப்புலத்தில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு எவரும் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. எழுதச் சொன்னார்கள், அவ்வளவே.

பெங்களூரின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் மொழியியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். அவர் படிப்பது, விவாதிப்பது, ஆய்வேடு எழுதுவது எல்லாம் ஆங்கிலத்தில். ஓர் இரவு தம் ஆய்வுப் பொருளைச் சமூக ஊடகத்தில் தமிழில் எழுத முற்படுகிறார். பொருள், மேலே சொன்ன அதே வாக்கிய அமைப்பு. ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து 'நான்காம் வேற்றுமை எழுவாய்' என்று தலைப்பிடுகிறார். மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கீழே கேட்கிறார்: "தம்பி, முதல் வேற்றுமைக்குத்தானே எழுவாய் வேற்றுமை என்று பெயர்? நான்காம் வேற்றுமை எப்படி எழுவாய் ஆகும்?"

கேள்வி சிறியது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியவரை அந்தக் கேள்வி எழவே எழாது. அங்கே வேற்றுமை வடிவத்துக்கு ஒரு சொல், வாக்கியத்தில் ஒரு பெயர் வகிக்கும் பங்குக்கு வேறொரு சொல். தமிழ் மரபில் எழுவாய் என்ற சொல் இரண்டின்மேலும் விழுகிறது. ஆகவே அவர் வடிவத்தையும் பங்கையும் தனித்தனியே பிரித்துக்காட்டியே ஆகவேண்டும். 'அவளுக்குத் தன் வீடு பிடிக்கும்' என்னும் வாக்கியத்தில் 'தன்' அவளையே சுட்டுகிறது. பொதுவாக எழுவாயைச் சுட்டுவதே 'தான்' என்பதன் இயல்பு. எனவே 'அவளுக்கு' என்பது எழுவாயின் வேலையைச் செய்கிறது என்று வாதிடலாம். 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில் முதல் வேற்றுமைப் பெயரே கிடையாது. ஒன்று நான்காவது, மற்றது இரண்டாவது. அப்படியானால் எழுவாய் இல்லாத வாக்கியம் தமிழில் உண்டு என்பதா, அல்லது எழுவாய்க்குத் தரும் வரையறையை மாற்றுவதா? வினை அந்தப் பெயரோடு இயைவதில்லை என்பதை எங்கே வைப்பது? ஆசிரியருக்குப் பதில் எழுதி முடித்தபின் தம் ஆங்கில இயலைத் திறந்து பார்க்கிறார். அங்கே ஒரே கலைச்சொல்லை ஒரு பக்கத்தில் ஒரு பொருளிலும் நான்கு பக்கம் தள்ளி வேறு பொருளிலும் ஆண்டிருப்பது கண்ணில் படுகிறது.

அந்தப் பதிவுக்குப் பதினொரு விருப்பக்குறிகள் விழுந்திருக்கலாம். அடுத்த வாரம் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று அவரே சினத்துடன் எழுதிய நான்கு வரிக்குப் பல நூறு விழுந்திருக்கும். அது தேவையற்ற பதிவு என்று எவரும் சொல்ல முடியாது. பெங்களூரின் வாடகையைத் தெரிந்தவர்கள் நிச்சயம் சொல்லமாட்டார்கள். இடர் மூன்றாவது வாரத்தில் வருகிறது. எழுத உட்காரும்போதே கை தானாக இரண்டாவது பதிவின் தொனியைத் தேடுகிறது. 'தன்' பற்றிய நுட்பம் நீளமாகத் தோன்றுகிறது. 'ஆனால்', 'ஒருவேளை' போன்ற சொற்கள் வேகத்தைக் குறைப்பதாகத் தோன்றுகின்றன. அவற்றை நீக்கியதும் வாக்கியம் பளிச்சென்று இருக்கிறது. ஆய்வாளர் இரண்டு ஆண்டுகளாகப் பயின்ற தயக்கங்கள் யாவும் அந்த இரண்டு சொற்களில்தான் இருந்தன.

இணையத்தில் எழுதுவோர்க்கு இந்த எண்ணிக்கை எப்போதும் இருந்ததில்லை. ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி வந்ததே 2009-இல்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1999-இல், 'திண்ணை' இணைய இதழ் தொடங்கியது. பெங்களூரில் தொலைபேசித் துறையில் பணியாற்றிவந்த பாவண்ணன் அதில் 'எனக்குப் பிடித்த கதைகள்' என்ற தொடரை எழுதினார். 1958-இல் விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பிறந்து, வேலையின் பொருட்டுக் கர்நாடகத்துக்கு வந்து, கன்னடம் கற்றவர் அவர். எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' என்று தமிழாக்கி, அதற்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றவர்.

அந்தத் தொடரை இன்று எடுத்து வாசிப்பவர் முதலில் கவனிப்பது அதன் அவசரமின்மை. பெரும்பாலும் கட்டுரை வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியில் தொடங்கும்: ஒரு பயணம், ஒரு வீட்டுத் திண்ணை, அலுவலகத்தில் ஒரு மனிதர். பிறகு அங்கிருந்து கதைக்குள் நுழையும். விமர்சகர் பெரும்பாலும் கதைக்குத் தீர்ப்பு வழங்க உட்காருகிறார். இங்கே நடப்பது வேறு: வாசகர் ஒருவர் இந்தக் கதை தமக்கு ஏன் பிடித்தது என்று தம்மையே விசாரிக்கிறார். தலைப்பிலேயே அந்த நான்காம் வேற்றுமை நிற்கிறது. பிடித்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நாள்தோறும் கோடிக்கணக்கானோர் ஒரு பொத்தானை அழுத்தி அதைத்தான் செய்கிறார்கள். ஏன் பிடித்தது என்பதற்குக் கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது. தொடர் எழுபது, எண்பது என்று நீண்டது. வாசகர் எண்ணிக்கையைக் கட்டுரையின் அடியில் காட்டும் ஏற்பாடு இல்லாத காலத்தில், ஒவ்வொன்றையும் எழுதவைத்தது அடுத்த கதையாகவே இருந்திருக்க முடியும். எதிர்வினை ஆற்ற விரும்பியவர் இதழுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுத ஏதேனும் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வதும் தவறு. திண்ணையின் கடிதப் பகுதியில் சண்டைக்குக் குறைவிருந்ததில்லை.

கல்விப்புலத்தின் எண்ணிக்கைகளுக்கும் இதே குணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு உரைகளும் வேண்டும் என்றது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. நல்லதே; காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் போலி இதழ்களுக்குத் தீனி குறையும். ஆனால் காலியான இடம் காலியாக இருக்கவில்லை. 'உங்களைப் பற்றி வெளியே தெரியவேண்டும்' என்ற அறிவுரை இப்போது முதலாண்டு மாணவருக்கே கிடைக்கிறது. எதைத் தெரியப்படுத்துவது என்று கேட்கக்கூட அவருக்கு இன்னும் நேரம் வாய்த்திருக்காது.

புகழும் வளர்ச்சியும் ஒருவரிடத்தில் சேர்ந்து இருக்கவே முடியாதா என்று கேட்டால், இதே நகரத்தில் எதிர்ச்சான்று உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சுஜாதா, தமிழ் வார இதழ்களின் உச்சப் புகழில் இருந்தவர். அவரே சிறிய வாசகர் வட்டம் கொண்ட கணையாழியின் கடைசிப் பக்கத்தையும் நெடுங்காலம் எழுதினார்; தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற வேறு பெயரில். வாசித்த நூல், கேட்ட கவிதை, தீராத ஐயம் ஆகியவற்றுக்கு அவர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே அறைக்குள் அடைக்காமல் இருந்ததில் ஏதோ நடைமுறை ஞானம் இருக்கிறது.

இந்த நகரத்தில் தனக்கென்று எழுதியவர்களுள் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பா. 1887-இல் முளபாகலில் பிறந்து, மெட்ரிக்குலேஷன்கூடத் தேறாமல், பெங்களூரில் பத்திரிகையாளராக வாழ்ந்தவர். பிறருக்காக எழுதுவது அவருடைய அன்றாடத் தொழில். 1943-இல் அவர் வெளியிட்ட 'மங்குதிம்மன கக்க' 945 நான்கடிப் பாடல்கள் கொண்டது. தலைப்பைத் தமிழில் 'மந்தபுத்தித் திம்மனின் பிதற்றல்' என்று சொல்லலாம். தன் மனத்துக்குத் தானே வாழ்க்கை நெறியைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே இதைப் புனைந்ததாக நூலின் இறுதிப் பகுதியில் குறிப்பிடுகிறார். அப்படிச் சொன்னவர் அதை மறைத்துவைக்காமல் அச்சுக்குக் கொடுத்தார் என்பது முக்கியம். நாட்குறிப்பில் அரைகுறை வாக்கியத்தோடு நின்றுவிடலாம். அடுத்தவர் படிப்பார் என்றால் நான்காம் அடி நிறைவுபெற்றே ஆகவேண்டும்.

இன்று அந்தப் பாடல்களுக்கு உரைகளும் சொற்பொழிவுகளும் ஏராளம். காலை வணக்கச் செய்திகளிலும் அவை வந்து விழுகின்றன. திம்மனே வியந்துபோவான். முதல் நூல் இவ்வளவு பெயர் பெற்றபின்னும் குண்டப்பா அதே வகைப் பாடல்களைத் தொடர்ந்து எழுதிவந்தார். அவற்றைத் தம் வாழ்நாளில் நூலாக்கவில்லை. 1975-இல் அவர் மறைந்தார். அந்தப் பாடல்கள் 'மருள முனியன கக்க' என்ற நூலாக வந்தது 1984-இல்.