தடுத்து நின்றவர்

கால்பந்தில் கோல் போடுகிறவருக்குத்தான் மாலை விழும். பின்வரிசையில் நின்று தடுப்பவர் தொண்ணூறு நிமிடமும் சரியாக ஆடினால் யார் கண்ணிலும் படமாட்டார்; ஒரு நொடி சறுக்கினால் ஊரே பேசும். அந்த இடத்தில் நின்றே உலகப் புகழ் பெற்றவர் இத்தாலியின் பாவ்லோ மால்டினி. வேலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகள் யாராவது என்னிடம் பேச வந்தால் அவர் கதையைத்தான் சொல்வேன்.

அப்பா சேசரே, 1963-இல் ஏ.சி. மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் கேப்டன். பெரிய மனிதரின் பிள்ளையாகப் பிறந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் அப்பாவின் அடியோடு அளந்து பார்ப்பார்கள். 1985 ஜனவரியில், 16 வயதில், மிலானுக்காக முதல் ஆட்டம் ஆடிய பாவ்லோ, 2009 வரை வேறு கிளப்புக்குப் போகவே இல்லை. 902 ஆட்டங்கள், ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். அப்பா தூக்கிய கோப்பையை நாற்பது ஆண்டு கழித்து, 2003-இல், மகனும் கேப்டனாகத் தூக்கினார்.

இயல்பில் வலது கால்காரர். அணிக்குத் தேவைப்பட்டது இடது பக்கம். இடது காலையும் பழக்கிக்கொண்டார். எதிராளியின் காலில் பாய்ந்து பந்தைப் பறிப்பதைவிட, பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் அவருடைய கலை.

தோல்விகளும் சாதாரணமானவை அல்ல. நாட்டுக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியில் தோல்வி. 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தார். இடைவேளையில் மிலான் 3-0 என முன்னிலை. அதையும் லிவர்பூலிடம் பெனால்டியில் இழந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை வென்றபோது அவருக்கு வயது 38. அந்த வயதில் பலர் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. 2009 மே 24, சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். மைதானமே வாழ்த்தியபோது, மிலானின் தீவிர ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரை ஏளனம் செய்து கூச்சலிட்டது. பழிக்கும் பதாகைகளைப் பிடித்தது. அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒருபோதும் வளைந்து கொடுத்ததில்லை. கால் நூற்றாண்டு உழைத்தவருக்குச் சொந்த ஆட்களிடமிருந்து கிடைத்த விடை அது. ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்ஸில் கடைசி ஆட்டம். அங்கே எதிரணி ரசிகர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இணங்கிப் போயிருந்தால் கூச்சல் எழுந்திருக்காது. இணங்காமல் போனதே சரி என்பது என் தீர்மானம்.

பிள்ளைகளே, மால்டினியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.