மெல்லிய கோடு

2019 ஐப்பசி. டெங்குக் காலம். நாமக்கல்லில் நான் வேலை பார்த்த லேபில் மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்காது. பரமத்திப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். டெங்கு உறுதியானது. டாக்டர் எழுதித் தந்த சீட்டில் எச்.ஐ.வி. சோதனையும் இருந்தது. அட்டையில் தொற்றைக் காட்டும் இரண்டாவது கோடு விழுந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லிசு.

ஒரு வாத்தியாரின் ரத்தமாக இருந்திருந்தால் வேறு அட்டையில் இன்னொரு தடவை பார்த்திருப்பேன். லாரி டிரைவர் என்றதும் மனசு முடிவு கட்டிவிட்டது. இந்த ஊர் லாரிக்காரர்கள்மேல் ஒட்டிக்கொண்ட பேச்சு எனக்குள்ளும் ஊறியிருந்திருக்கிறது. கூட வந்த மச்சானைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அன்று ராத்திரியே அவர் தங்கையையும் குழந்தையையும் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

பத்து நாள் கழித்து டிரைவர் வந்தார். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக் காகிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார். மூன்று கிட்களில் பார்த்திருந்தார்கள். முதலாவதில் மட்டும் கோடு. மற்ற இரண்டிலும் இல்லை. எச்.ஐ.வி. கிடையாது. திரும்பத் திரும்பப் படித்தேன். தலை நிமிர முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை.

"எங்கிட்டச் சொல்லாம அவன்கிட்ட ஏனுங்க சொன்னீங்க?"

பதில் இல்லை என்னிடம். இன்றைக்கும் இல்லை.

படித்த காலத்திலேயே தெரிந்த சங்கதிதான். டெங்கு மாதிரி ஒரு வைரஸ் தாக்கும்போது உடம்பு ஆன்டிபாடிகளை ஏராளமாகச் சுரக்கும். அவற்றில் சில எச்.ஐ.வி. அட்டையிலும் தவறாகப் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே அட்டையை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது அதனால்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எச்.ஐ.வி. தொற்றிய முதல் வாரங்களில் வரும் காய்ச்சல் டெங்கு போலவே இருக்கலாம். அப்போது அட்டையில் கோடு விழாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும். டிரைவரின் சம்மதம் இல்லாமல் நான் இன்னொருவரிடம் சொன்னதுபோலச் சொல்வதையோ 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமே தடுக்கிறது.

அவரிடம் கேட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்றேன். "லேப்புல தப்பு வருமுங்களா?" என்றார், நம்பாமல். டிரைவரின் மனைவி திரும்பி வர ஐந்து மாதம் ஆனது.

ஒற்றை அட்டையைப் பார்த்து யாராவது உங்களுக்கு முடிவு சொன்னால், தயவுசெய்து நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே சோதனை இலவசம். முடிவை உங்களிடம்தான் சொல்வார்கள்.