அளவறிந்த அன்பு

பூச்செடி என்றதும் வெயில் படரும் முற்றமும் வேலி சூழ்ந்த தோட்டமுமே பலர் நினைவுக்கு வரும். முல்லையும் ரோசாவும் ஞாயிற்றின் ஒளியை நாடி வளர்வன. ஆனால், வெயில் நேரே புகாத அறையிலும் வெண்மலர் ஏந்தி நிற்கும் செடி ஒன்று உண்டு. அதனைப் பீஸ் லில்லி என்பர். அமைதிக்கு அறிகுறியான வெண்கொடியை அதன் வெண்ணிறம் நினைவூட்டுதலின் அப்பெயர் வந்தது என்பர்.

பெயரில் லில்லி இருப்பினும் இச்செடி லில்லி இனத்தைச் சார்ந்ததன்று. நம் வயல்களில் விளையும் சேம்பும் கருணையும் இதன் உறவுகள். பூ என்று நாம் கண்டு மகிழும் வெண்பகுதியும் பூவிதழ் அன்று. அது நிறம் மாறிய இலையே. தென்னையின் பூங்கொத்தைப் பாளை மூடிக் காப்பது போல, இவ்வெண்மடல் நடுவிலுள்ள கதிரைத் தழுவி நிற்கிறது. அக்கதிரில் நெருங்கி அமைந்திருக்கும் மிகச் சிறிய மொட்டுகளே உண்மையான பூக்கள். மடல் போன்ற இலை என்னும் பொருள்பட, 'ஸ்பாத்திபில்லம்' என்று கிரேக்கச் சொற்களால் இதற்குப் பெயரிட்டனர் செடிநூலார்.

வீடுகளில் வளரும் இவ்வகைச் செடிகளின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். அங்குள்ள மழைக்காடுகளில் வானளாவிய மரங்கள் கவிகையெனப் பரந்து நிற்கும். அவற்றின் இலைகளினூடே வடிந்து வரும் மெல்லொளியில், சருகு மக்கிய ஈர நிலத்தில் இச்செடி வளர்கிறது. அந்நிலம் ஈரமுடையது, ஆயினும் காற்றும் உடையது. பெய்யும் நீர் அங்கே தேங்குவதில்லை. இவ்வொன்றை மறந்தவர் கையில் இச்செடி நெடுநாள் வாழாது.

ஒரு வீட்டில் பள்ளி மாணவி ஒருத்திக்குப் பிறந்தநாள் பரிசாக இச்செடி வந்தது. அவள் அதனை உயிரென நேசித்தாள். காலையில் ஒரு குவளை நீர், மாலையில் ஒரு குவளை நீர் என நாள்தோறும் வார்த்தாள். தொட்டியின் அடித்தட்டில் நீர் எப்போதும் தேங்கி நின்றது. சில வாரங்களில் இலைகள் மஞ்சள் பூத்துத் தலை சாய்ந்தன. நீர் போதவில்லை என எண்ணி அவள் மேலும் வார்த்தாள். செடி மேலும் வாடியது.

"பாட்டி, ஒரு நாளும் மறவாமல் நீர் வார்த்தேனே! இது ஏன் சாகிறது?" என்று கண் கலங்கினாள்.

பாட்டி செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்துக் காட்டினாள். வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. அழுகல் நாற்றமும் வீசியது.

"கண்ணே, வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றையே அது உட்கொள்கிறது. நீ அவ்விடுக்குகளை எல்லாம் நீரால் அடைத்துவிட்டாய். வேர் அழுகியபின் இலைக்கு நீரை அனுப்புவார் யார்? நீர் நடுவே நின்றும் இச்செடி தாகத்தால் வாடுகிறது" என்றாள் பாட்டி.

பின்னர் இருவரும் அழுகிய வேர்களை அறுத்து நீக்கினர். மக்கிய இலையுரம், ஆற்று மணல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் செடியை நட்டனர். சில வாரங்கள் கழிந்தபின், குழல் போல் சுருண்ட இளந்தளிர் ஒன்று தலைகாட்டியது.

இச்செடியை வளர்ப்போர் அறிய வேண்டிய நுட்பம் இதுவே. நீர் குறைந்தாலும் இது தலை சாய்க்கும். நீர் மிகுந்தாலும் தலை சாய்க்கும். அடையாளம் ஒன்று, காரணமோ இரண்டு. ஆகவே, இலையை மட்டும் நோக்கி முடிவு செய்தல் ஆகாது. விரலை ஓர் அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்தல் வேண்டும். மண் உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியுமாறு நன்கு நீர் வார்த்து, தட்டில் வடிந்ததை அகற்றிவிடலாம். ஈரமாயிருந்தால் பொறுத்திருத்தலே பணிவிடை. நீரின்றி வாடிய செடி, நீர் பெற்ற சில மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

உச்சி வெயில் நேரே பட்டால் இலை கருகும். இருண்ட மூலையில் செடி உயிர் வாழினும் பூப்பது அரிது. சன்னலுக்குச் சற்று அப்பால் உள்ள இடமே ஏற்றது. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்தல் நன்று. உரம் மிகுந்தாலும் இலை நுனி பழுப்பாகும்.

இச்செடி அறையின் காற்றைத் தூய்மை செய்யும் என்று பலர் புகழ்வர். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார், மூடிய சிறு பேழைகளுள் செடிகளை வைத்துச் செய்த ஆய்வினின்று எழுந்த புகழ் அது. ஆனால், அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், வீட்டறையில் சில செடிகளால் விளையும் பயன் மிகச் சிறிது என்றும், சன்னலைத் திறத்தலே அதனினும் சிறந்தது என்றும் 2019-ஆம் ஆண்டில் காட்டினர். பொய்ப்புகழ் நீங்கினும் செடியின் அழகு குறையவில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. சேம்பைச் சரியாக வேகவைக்காது உண்டால் நாவும் தொண்டையும் அரிப்பதை யாவரும் அறிவர். அவ்வரிப்பைத் தரும் ஊசி போன்ற நுண்படிகங்கள் இச்செடியிலும் உள்ளன. ஆதலின் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் இதனை வைத்தல் வேண்டும்.

அன்பு செய்வது எளிது. அன்பு செய்யப்படும் உயிர் எதனை வேண்டுகிறது, எவ்வளவு வேண்டுகிறது என்று அறிந்து செய்வதே அரிது. அம்மாணவி இன்றும் நாள்தோறும் தன் செடியிடம் செல்கிறாள். முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகுதான் நீர்க்குவளையை எடுக்கிறாள். பல நாள்களில் அதனை எடுக்காமலே புன்னகையோடு திரும்பிவிடுகிறாள்.