சுபுஹும் பெரட்டும்

கல்விக்காக முஸ்லிம்கள் கேட்கும் துஆக்களுள், அதாவது இறைவனிடம் கையேந்திக் கேட்கும் வேண்டுதல்களுள், பரவலாக அறியப்பட்ட ஒன்று தேர்வுக்கென அமைந்ததன்று. நபிகள் நாயகம் (ஸல்) சுபுஹு எனப்படும் வைகறைத் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்ததும் அதை ஓதியதாக அவர்களின் துணைவியார் உம்மு ஸலமா அறிவித்த செய்தி இப்னு மாஜாவின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. பயனுள்ள அறிவும் தூய ரிஸ்கும், அதாவது வாழ்வாதாரமும், ஏற்கப்படும் செயலும் அதில் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில் அறிவும் ரிஸ்கும் இப்படி அடுத்தடுத்து நிற்பதற்கு ஒரு தனிப்பொருத்தம் உண்டு. வெயில் ஏற ஏறப் பட்டைக்குள் அழுத்தம் தணிந்து பால் ஒழுக்குக் குறையும் என்பதால், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு இருட்டோடு நடந்தது. ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் சிறுபான்மையாக வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களுக்குச் சுபுஹும் அதே வேளைதான். தொழுத கையே உளியைப் பிடித்தது. முதல்நாள் வெட்டின் விளிம்பில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து, மங்கு எனும் கிண்ணத்தில் பால் சொட்டும்படி சாய்வாக இழுக்க வேண்டும். சற்று ஆழமாகப் போனால் உள்ளே வளரும் படலம் காயப்பட்டு, மீண்டும் வரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி அடுத்த வெட்டுக்கு உதவாது. மருத்துவத்தையும் கணிதத்தையும் மட்டுமல்லாமல் உழவையும் நெசவையும் ஃபர்ளு கிஃபாயாவில், அதாவது சமூகத்தில் சிலரேனும் கற்றாக வேண்டிய கடமையில், சேர்த்தவர் இமாம் கஸ்ஸாலி. அவர் வகுத்த கணக்கில் பால்வெட்டும் அறிவுக்கும் இடம் கிடைக்கும் எனலாம். பள்ளிக்கூட வினாத்தாளில்தான் அதற்கு இடமிருந்ததில்லை.

கித்தாக்காட்டை, அதாவது ரப்பர்த் தோட்டத்தை, விட்டுப் பிள்ளையை வெளியேற்றும் படிப்பையே தோட்டத்துப் பெற்றோர் பயனுள்ளதென்று எண்ணினர், அதில் தவறு காண இயலாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய் மொழியில் தேவையான தேர்ச்சி பெறாதவர்கள் இடைநிலைப்பள்ளிக்கு முன் புதுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டியிருந்தது. நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா நபி கேட்ட வேண்டுதல் (குர்ஆன், 20ஆம் அத்தியாயம்) மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுவது வழக்கம். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது உவமையாகத் தோன்றியிராது.

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போது மலேசியப் பள்ளிகளில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிச் சொலாட் ஹாஜாட் எனும் வேண்டுதல் தொழுகை நடத்துவதும், ஓதிய தண்ணீரையோ உலர்திராட்சையையோ பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் பழக்கமாகியுள்ளன. பதற்றத்தைத் தணிக்க அவை உதவலாம். ஆனால் உம்மு ஸலமா அறிவித்த துஆவில் தேர்ச்சி என்ற சொல் இல்லை. ஸைத் இப்னு அர்கம் அறிவித்து இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள, பயன் தராத அறிவிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் மற்றொரு நபிமொழி இன்னும் கண்டிப்பானது. மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்துவிடும் பாடங்களை அதன் முன் வைத்துப் பார்க்கச் சற்றுக் கூசும்.

தொடக்கப்பள்ளி முடிவில் எழுதப்பட்ட, 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறி, உளியும் மங்கும் வேண்டாதனவாயின. தோட்டத்தை விட்டுச் சிரம்பான் பக்கம் குடிபெயர்ந்த வீடுகளில், பள்ளிப்பேருந்து வருமுன் சுபுஹை முடித்த பிள்ளை, பாயைச் சுருட்டும்போது அதே துஆவை முணுமுணுக்கிறது.