மலை ஏறி வரப்போகும் மருமகளுக்கு

போடிமெட்டு,
12-10-2025

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. போஸ்ட் ஆபீஸ் வேலை லிஸ்டில் உன் பேர் வந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள். போடி மலைமேல் ஒரு பிராஞ்ச் ஆபீஸ் என்றதும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னாள். எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல் (ஈ.டி.) ரன்னராகச் சேர்ந்து, 65 வயதில் பையை இறக்கி வைத்தவன் என்ற உரிமையில் நாலு வார்த்தை சொல்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்.

நீ தயங்குவதில் தப்பே இல்லை. இந்த வேலையை வகுத்தவர்கள் மனதில் இருந்த ஆள் வேறு. ஊரில் சொந்த வீடு இருக்கும், கொஞ்சம் நிலமோ கடையோ வாத்தியார் உத்தியோகமோ இருக்கும், மிச்ச நேரத்தில் தபாலையும் பார்த்துக்கொள்வார். அதனால்தான் நாலு மணி, ஐந்து மணி நேர வேலை. ஆபீஸுக்கு இடத்தை பிராஞ்ச் போஸ்ட்மாஸ்டரே பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அதனால்தான். வேறு பிழைப்பு இருக்கிறதென்றும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆள் எடுக்கும் முறையோ மாறிவிட்டது. பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்கை வைத்து கம்ப்யூட்டர் எடுக்கிறது. கொச்சியில் கிளம்பி எங்கள் மெட்டு வழியாக இறங்கும் 85ஆம் நம்பர் ரோடு உங்கள் தொண்டியில் போய்த்தான் முடிகிறது. அந்தக் கோடியிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, உள்ளூர்க்காரனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மாட்டிக்கொள் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரெண்டாம் லிஸ்ட், மூணாம் லிஸ்ட் என்று நீண்டுகொண்டே போகிறதே, ஏன் என்று நினைக்கிறாய்? “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை” என்று என் சோட்டு ஆட்கள் டீக்கடையில் பேசுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 12,000 ரூபாயும் பஞ்சப்படியும் வாங்கி, தங்க ஒரு வீடு, ஆபீஸுக்கு ஒரு இடம் என்று ரெண்டையும் பிடித்து, வெளியூர்ப் பிள்ளை எப்படி நிலைக்கும்?

அந்த 12,000கூடச் சும்மா வரவில்லை. எங்கள் சம்பளத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. 2018 மே மாதம் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், ஜூன் 6ஆம் தேதி கேபினட் கையெழுத்துப் போட்டது. அதற்கும் முன்னால், 1977இல், பக்கத்துக் கேரளத்திலிருந்து போன ராஜம்மா வழக்கில், ஈ.டி. ஆட்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான், முறையான விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த அம்மாளுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனாலும் பென்ஷன் என்ற பேச்சு மட்டும் வரவே இல்லை. நாட்டில் நம்மைப் போல் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

தந்தியும் போனும் பார்த்த கம்பி இலாகா கதை வேறு. 1985 ஜனவரியில் தபாலையும் தொலைத்தொடர்பையும் பிரித்தார்கள். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். எங்கள் தபால் பக்கத்திலும் 2025இல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்தாயிற்று. பிராஞ்ச் ஆபீஸ் மட்டும் நிற்கிறது. நின்றாலும் கடிதத்தால் நிற்கவில்லை.

இங்கே ஏலத்தோட்ட லயங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், வந்து பார். பணம் எடுக்க போடிக்கு இறங்கினால் 17 கொண்டை ஊசி வளைவு, போய் வர ஜீப் கூலி, ஒரு நாள் சம்பளமும் போச்சு. பிராஞ்ச் ஆபீஸில் ரேகை வைத்தால் கையில் பணம். ஏலக்காய் எடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை சட்டென்று விழாது. துடைத்து, வேறு விரல் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். பொறுமை இல்லாதவர் “நாளைக்கு வா” என்று அனுப்பிவிடுவார். அந்த ‘நாளைக்கு’ என்பது இன்னொரு நாள் கூலி.

ரேகைக்கு அடுத்த சங்கடம், பேர். ஒரே லயத்தில் மூணு மாரியம்மாள் இருப்பார்கள். உறையில் எஸ்டேட் பேரைத் தவிர வேறு விலாசம் இருக்காது. கம்பத்து மாரியா, மேல் லயத்து மாரியா என்று நமக்குத்தான் தெரியணும். இப்போது ஜார்க்கண்ட் ஆட்களும் நிறைய வந்திருக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப அவர்களும் நம்மிடம்தான் வருவார்கள்.

மெட்டைத் தாண்டினால் இன்னொரு கூத்து. கேரளத்துப் பக்கம் இந்த வேலைக்கு மலையாளம் பத்தாவது வரை படித்திருக்கணும். மலையாளம் எடுக்காமல் தமிழ் மீடியத்தில் முடித்த தோட்டத்துப் பிள்ளை, தன் லயத்துத் தபாலைத் தானே கொடுக்க முடியாது. மனு போட வேண்டிய விஷயம் அதுதான். யார் போடுகிறார்கள்!

உனக்கு நான் சொல்வது இது. வந்து சேர். ஆபீஸுக்கு நம் முன் அறை இருக்கிறது, தங்க உன் அத்தை இருக்கிறாள். தகுதி வந்ததும் போஸ்ட்மேன் பரீட்சை எழுது. ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தால் போ, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வந்த முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டு, எந்த மாரியம்மாள் எந்த லயம் என்று எழுதத் தொடங்கு, நான் சொல்லச் சொல்ல. போகும்போது அதை அடுத்து வருகிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போ. எனக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை, நானும் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் இந்த மண்டைக்குள் கிடக்கிறது.

கம்பளியும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம் எடுத்து வா, இங்கே அட்டை கடிக்கும். போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, தெரிந்த ஜீப் அனுப்புகிறேன். தொண்டிக் கருவாடு ஒரு கிலோ மறக்காதே. அத்தை கேட்டதாகச் சொன்னால் அக்கா நல்லதாகப் பார்த்து வாங்குவாள்.

அன்புடன்,
மாமா